மீசை எடுத்ததற்குக் காரணம் வெயில்

ஜூன் 7, சனி

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். கம்பெனியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுவதோடு சரி. கன்டோன்மென்ட்டில் இருக்கும் பகல்நேர மனநல மையத்தின் உளவியலாளர் ஜெசிந்தா மேடம் சொன்னதால் எழுதுகிறேன். "வீட்டுல கூட இருக்கறவங்க எழுதுங்க. அவங்களைப் பத்தி மட்டும் இல்ல, உங்களைப் பத்தியும்" என்றார்.

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பெயர் சேந்தன். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அழுத்தமானி, வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வேன். ஆகஸ்ட் 28 எனக்குக் கல்யாணம்.

விஷயம் அக்கா. மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்லூரி முடித்த வருடம் வந்தது ஸ்கிசோஃப்ரீனியா. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். அதனால் முன்போலக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடப்பதில்லை. சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், கடைக்குப் போகிறாள். ஆனால் குரல்கள் போகவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது யாரோ பேசுவது அவளுக்குக் கேட்கும். அதில் ஒன்றுக்கு அவளே 'கணக்கு டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். டீச்சர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான். நீ தொட்டா விளங்காது.

தாலியில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டும் நாத்தனார் போட வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. இன்று மதுரையிலிருந்து பெரியம்மா பேசினார். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அவளுக்குக் கை நடுங்குதுல்ல? கூட்டத்தைப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடறா. என் மக வித்யா கட்டட்டும். அவளும் சேந்தனுக்கு அக்காதானே?"

அம்மா ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நானே கட்டறேம்மா" என்றாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

ஆக, இது ஒரு வேலை. கெடு இருக்கிறது. முடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

மையத்தில் குரல் கேட்பவர்களுக்கான வகுப்பு. அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் அக்காவோடு நான் போகிறேன். வட்டமாக நாற்காலி. கூட வந்தவர்கள் சுவரோரம்.

ஜெசிந்தா மேடம் சொன்னார்: "குரலை நிறுத்தறது இந்த வகுப்போட வேலை இல்ல. அது பேசிக்கிட்டு இருக்கும்போதே நம்ம வேலையை நாம பாக்கறதுக்குப் பழகறோம்."

நிறுத்த முடியாதென்றால் எதற்கு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன்? நேராகவே கேட்டேன்.

"பாய்லர் சத்தத்தை நிறுத்திட்டுத்தானா நீங்க வேலை பாக்கறீங்க, சேந்தன்?"

நல்ல உவமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

ஒவ்வொருவரும் தாம் செய்வதைச் சொன்னார்கள். அமலதாஸ் என்பவர் முன்பு பஸ் கண்டக்டர். குரல்கள் கூட்டமாக வந்தால் வாய்க்குள்ளேயே "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்பாராம். "இறங்கிற மாட்டானுங்க. ஆனா படியை விட்டு நகருவானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்.

குரலுக்கு நேரம் ஒதுக்குவது இன்னொரு வழி. இப்போது முடியாது, அப்புறம் வா என்று சொல்லிவிடுவது. வெளியிடத்தில் அப்படிப் பதில் சொல்ல வேண்டி வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அக்கா அதைச் செய்தாள். "இப்ப வேணாம். நான் வீட்டுக்குப் போயிட்டுப் பேசறேன். சொன்னாக் கேளுங்க" என்று போனில் கண்டிப்பாகப் பேசினாள். முன் சீட்டு அம்மாள் திரும்பி, "இந்த லோன்காரனுங்க தொல்லை பெருந்தொல்லைம்மா, நம்பரை பிளாக் பண்ணிடு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "பிளாக் பண்ண முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அவரிடம்.

உறையூர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். நான் கட்டிக்கொள்ளப் போகிறவள். புதுக்கோட்டையில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்கப் போன அன்றே அக்காவின் நோயை, பெயரோடு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சுகந்தி மட்டும், "என்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?" என்று கேட்டாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பெரியம்மா சொன்னதை இன்று அவளிடம் சொன்னேன்.

"என் கழுத்துதானே? அக்கா கட்டினாத்தான் நான் குனிவேன்னு சொல்லிடுங்க."

இதை அப்படியே பெரியம்மாவிடம் சொல்ல முடியாது. சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

மையத்தில் சொல்லிக்கொடுப்பது வாரத்துக்கு ஒரு நாள். போதாது. பயிற்சி தொடர்ந்து இருந்தால்தான் பலன். எனவே ஒரு ஆடியோ தயாரித்தேன். என் குரல். பின்னணி இரைச்சல் இல்லாமல் சுத்தமாகப் பதிவு செய்தேன்.

"அக்கா, மூச்சை இழு. மெதுவா விடு. பேசறது டீச்சர் இல்ல, நோய். அதுக்குப் பதில் சொல்லாத. கையில இருக்கற வேலையைப் பாரு. அவசரப்படாத."

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்திருக்கிறேன். ஒரு காதில் இயர்போன், மறு காது திறந்திருக்கும். வேலை செய்துகொண்டே கேட்கலாம். "நல்லா இருக்குடா" என்றாள். எளிய தீர்வு. மையத்தில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பித்தளைக் குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிப் பழகினாள். மாத்திரையால் வரும் நடுக்கம் விரல் நுனியில் இருக்கிறது. முதல் சில தடவை கயிறு நழுவியது. பிறகு சுண்டுவிரலைக் குடத்தின் மேல் ஊன்றிக்கொண்டாள். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

ஜூலை 3, வியாழன்

அக்காவுக்குப் புதிதாக ஒரு பழக்கம். நான் ஹாலில் சும்மா இருக்கும்போது சமையலறையிலிருந்து வந்து, "கூப்பிட்டியாடா?" என்கிறாள். இல்லை என்றால் போகிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறாள்.

பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. வாயையே பார்க்கிறாள். பல்லில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மோசம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. குடத்தைத் தொடமாட்டேன் என்கிறாள். காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவைத் தட்டி, "என்னடா சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றாள். தலையில் சோப்போடு நின்று, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கத்தினேன்.

ஒரு கருவி தப்பாகக் காட்டினால் ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பேன். அதேபோலப் பார்த்தேன். தூக்கம் சரி. டாக்டர் மருந்து எதையும் மாற்றவில்லை. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. அப்படியும், "மாத்திரையைத் துப்பிடறியா?" என்று கேட்டேன்.

அக்கா அட்டையை வாங்கி டப்பாவில் வைத்து மூடினாள். "இல்லடா" என்றாள்.

ஆடியோவை இன்னும் அதிக நேரம் கேட்கச் சொன்னேன். தலையாட்டினாள்.

ஜூலை 9, புதன்

பெரியம்மா போன். வித்யாவுக்குப் பட்டுப்புடவை எடுத்தாகிவிட்டதாம். எதற்கும் இருக்கட்டுமாம்.

ஜூலை 12, சனி

இன்று எது உதவுகிறது, எது உதவவில்லை என்று வட்டத்தில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அக்காவின் முறை வந்தது. வெகுநேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி ஒரு ரெக்கார்டு பண்ணிக் குடுத்தான் மேடம். ஆசையாப் பண்ணான்."

"சரி."

"டீச்சர் இப்ப அவன் குரலைப் புடிச்சுக்கிட்டா."

நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி குரல்ல என்ன சொல்றாங்க, அரசி?"

"நீ கட்டாதக்கா. என் கல்யாணத்தைக் கெடுக்காத. தள்ளிப் போ. அப்படி. அச்சு அசலா அவன்தான். அவன் கம்பெனிக்குப் போனப்புறமும் பேசறான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"கஷ்டப்பட்டுப் பண்ணான் மேடம். அதுல ஃபேன் சத்தம்கூட வராது."

தண்ணீர் குடிக்க வெளியே போனேன். கூலரில் தண்ணீர் இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா மேடம், "அது சேந்தன் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாயைப் பாப்பேன். உதடு அசைஞ்சா அவன். அசையலைன்னா டீச்சர். அவன் வேற ரூம்ல இருந்தா எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். ஆனா மீசை இருக்கா, மேலுதடு சரியாத் தெரியாது. கீழுதட்டை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரலையே."

"இல்ல. நானாப் பண்ணேன்."

"டிக்கெட் செக்கிங் தாயி அது" என்றார் அமலதாஸ். "குரல் வந்தா டிக்கெட்டைக் காட்டுன்னு கேக்கறீங்க. சரியான வேலை."

பஸ்ஸில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் வாயைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"நீ கோச்சுக்குவ."

"கோச்சுக்க மாட்டேன்."

"இப்பவே கோச்சுக்கிட்டுத்தான் பேசற."

வீட்டுக்கு வந்ததும் ஆடியோவை அவள் போனிலிருந்தும் என் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். கட்டளை போடும் குரல்களால் அவதிப்படுகிறவளுடைய காதுக்குள், இடைவெளி இல்லாமல், ஒரு கட்டளைக் குரலைப் போட்டிருக்கிறேன். எல்லா இணைப்பையும் பார்த்தவன், நான் சேர்த்ததைப் பார்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டில் புது விதி. அடுத்த அறையிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை அக்காவின் முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். போன் என்றால் வீடியோ.

ஒரு காபி கேட்க எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. எழுந்து போனால் காபியே போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். போட்டுக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மீசையை எடுத்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை. வியர்க்கிறது.

ஜூலை 16, புதன்

கம்பெனியில் யாரோ புதுப் பையன் என்று கேட்டில் நிறுத்தினார்கள். அம்மா, "கல்யாண மாப்பிள்ளை மீசை இல்லாம மணவறையில உக்காருவானா?" என்று காலையிலிருந்து புலம்புகிறாள். சுகந்தி வீடியோவில் பார்த்துவிட்டுப் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"வளர்ந்துடும்ல?"

"வெயில்" என்றேன்.

"எனக்கும் புதுக்கோட்டையில வெயில்தான்" என்றாள். அக்கா என் பின்னால் நின்று மோர் கலக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். அதற்குமேல் கேட்கவில்லை.

அக்கா மோரைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சின்னப் பையனா இருக்கடா" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

அக்கா குடத்தை மறுபடி எடுத்தாள். அவளாகவே.

டீச்சர் இன்னும் என் குரலில்தான் பேசுகிறாள். ஆனால் அக்கா முன்போல எழுந்து ஓடி வருவதில்லையாம். "ரெண்டு சந்தேகத்துக்கு ஒரு தடவைதான் செக் பண்றேன்" என்றாள்.

இன்று கெட்டிமேளத்தோடு ஒத்திகை. யூடியூபில் தவில் நாதஸ்வரம் எடுத்து, ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் முதல் முடிச்சைப் போட்டுக் கயிற்றின் நுனிகளை அவளிடம் கொடுத்தேன். வாங்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். கயிற்றைக் கீழே போட்டாள்.

மேளத்தை நிறுத்தினேன்.

"நீ இப்ப என்ன சொன்ன?"

"கட்டுக்கான்னு சொன்னேன்."

"எனக்குத் தள்ளிப் போன்னு கேட்டுச்சு. வாயும் அசைஞ்சுது."

அப்போதுதான் புரிந்தது. மேளச் சத்தத்தில் என் உண்மையான குரல் அவளுக்குக் கேட்காது. டீச்சரின் குரல் உள்ளே இருந்து வருவதால் கேட்கும். அந்த நேரம் பார்த்து என் உதடு அசைந்தால், டீச்சர் சொல்வதை நான் சொன்னதாக ஆகிவிடும்.

"மேளம் அடிக்கும்போது நீ எதுவும் பேசாத" என்றாள் அக்கா. "நல்லதா இருந்தாலும் பேசாத. நான் எவ்வளவு நேரம் நின்னாலும் பேசாத. வாயை மூடிட்டு இரு. அது போதும்."

இதுவரை என்னிடம் யாரும் கேட்காத உதவி. செய்ய முடியாத உதவியும்கூட என்று அம்மா சொல்கிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குடம், மேளம், மூடிய வாய். ஐந்து ஒத்திகையில் மூன்று சரியாக வந்தது. ஒரு தடவை அவள் தடுமாறினாள். இன்னொரு தடவை எனக்கு இருமல்.

பத்திரிகை கொடுக்க மதுரை போனோம். பெரியம்மா தனியாகக் கூப்பிட்டு, "வித்யா பக்கத்துலயே நிப்பா. அரசி தயங்கினா வாங்கிக் கட்டிடுவா. முகூர்த்தம் தப்பக் கூடாது பாரு" என்றார். சரி என்றேன். அக்காவிடம் சொன்னபோது அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 27, புதன்

மண்டபத்துக்கு வந்தாயிற்று. ஓதுவாரிடம், தாலி கட்டும்போது எதையும் திருப்பிச் சொல்லமாட்டேன், முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். தொண்டை என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்தபடி எழுதுகிறேன்.

ஓதுவார் தட்டிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தார். கை காட்டினார். மேளம் வெடித்தது. ஸ்பீக்கரில் ஒத்திகை பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தரையே அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். சுகந்தி குனிந்தாள். முதல் முடிச்சைப் போட்டேன். நுனிகளை அக்காவிடம் கொடுத்தேன். அவள் சுகந்தியின் பின்னால், அரக்குச் சிவப்புப் புடவையில் நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டாள்.

நின்றுவிட்டாள்.

விரல்கள் நடுங்கின. சுண்டுவிரலை ஊன்ற அங்கே குடம் இல்லை. கண்கள் எங்கெங்கோ போயின. பக்கத்தில் வித்யா கையை நீட்டினாள். பெரியம்மாவின் வாய் வேகமாக அசைந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார், சிரிக்க வேண்டுமாம்.

பரவால்லக்கா, கட்டு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கின் நுனியில் இருந்தது. வாழ்நாளில் எதையும் நான் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததில்லை. பல்லைக் கடித்து உதட்டை இறுக்கினேன். மூக்கால் மூச்சு விட்டேன். அட்சதை இமையில் விழுந்தது. இமைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் கண் என் வாய்க்கு வந்தது. அங்கேயே நின்றது. மீசை இல்லாத வாய். நன்றாகப் பார்த்தாள்.

பிறகு அவள் உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத.

சுண்டுவிரலை சுகந்தியின் பிடரியில் ஊன்றிக்கொண்டாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. மூன்றாவது தளர்வாக வந்தது. அவிழ்த்து மறுபடி போட்டாள். இழுத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையை எடுத்தாள். வித்யா தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அக்காவின் தோளில் வைத்தாள்.

மேளம் அடங்கியபின் கேட்டேன். "என்ன சொல்லுச்சு?"

"அதேதான். தள்ளிப் போன்னு. விடாமச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "வாய் அசையல."

சுகந்தி கழுத்தைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள். "நல்லா இறுக்கமாத்தான் போட்டிருக்கீங்கக்கா."

"வலிச்சுதாம்மா?"

"வலிக்கட்டும்."

பந்தியில் அக்கா பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

அக்டோபர் 11, சனி

ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படங்கள் எல்லாவற்றிலும் என் வாய் இறுக மூடியிருக்கிறது. கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர். வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி. "விருப்பமில்லாத கல்யாணம்னு நெனைப்பாங்க" என்று சுகந்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பெரியம்மா, மாப்பிள்ளை முகத்தில் ஒரு களையே இல்லை என்றார்.

அக்கா ஒரு படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். அதில் அவள் கை, கயிறு, சுகந்தியின் பிடரி, அதற்கு மேலே என் மூடிய வாய். அதை பிரேம் போடக் கேட்டாள். ஹாலில் மாட்டியாயிற்று.

டீச்சர் போய்விடவில்லை. நேற்றுகூட வந்தாள். அக்கா ரசம் தாளித்துக்கொண்டிருந்தாளாம். "அப்புறம் வா, கடுகு தீயுது" என்றாளாம்.

மாலையில் சமையலறைக்குப் போய், அவள் முன்னால் நின்று காபி கேட்டேன். டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "மீசையை வெச்சுக்கோடா. சுகந்தி பாவம். கீழுதட்டை வெச்சே நான் சமாளிச்சுக்குவேன்."

"வெயில்க்கா" என்றேன். "வியர்க்குது."

காலையிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டிக் காய்கிறது. ஷேவிங் செட்டை எடுத்துப் புது பிளேடு மாட்டி வைத்திருக்கிறேன்.